வெள்ளிக்கிழமை மூன்று நாற்பது

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் திருத்தம், பட்டா நகல், கரண்ட் பில், கம்ப்யூட்டர் ஜாதகம் எல்லாம் அங்கே ஆகும். கடைக்காரி வெள்ளையம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஜீயபுரத்திலிருந்து காலை எட்டேகால் டவுன் பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்குவாள். வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவாள். இந்த அம்மாள் பதினெட்டு வருடமாகப் பழிவாங்கக் காத்திருக்கிறாள் என்று சொன்னால் சந்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அவள் கணக்கில் இருந்தது இரண்டு பேர். ஸ்ரீரங்கம் உத்தர வீதி ஜோசியர் சௌரிராஜன் ஒருவர். உறையூர் இருசம்மாள் மற்றவள். ஒருவர் அவள் வாழ்க்கையைத் தப்பாக எழுதினார். மற்றவள் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் வெள்ளையம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் பாஸ் செய்திருந்தாள். கலெக்டர் ஆபீஸில் ஒரு நாற்காலி, அதற்கு முன்னால் ஒரு மெஷின், காலையில் கையெழுத்துப் போட ஒரு வருகைப் பதிவேடு. அவ்வளவுதான் அவள் ஆசை. இருசம்மாளின் மகன் சிவசங்கர் பேங்கில் வேலை பார்த்தான். பெண் பார்க்க வந்தபோது, "கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க வேலைக்குப் போகலாம், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அந்த வாக்கியத்துக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள்.

பையன் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு, பெண் ஜாதகத்தைக் கேட்டாள் இருசம்மாள். வெள்ளையம்மாளுக்கு ஜாதகம் எழுதியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த தேதியும் நேரமும் மட்டும் அப்பாவின் பழைய நோட்டில் இருந்தன. வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பது, விடியற்காலை. "எங்க ஜோசியர் சௌரிராஜன்கிட்டயே எழுதிருங்க, கைராசிக்காரர்" என்றாள் இருசம்மாள். அப்பா ஸ்ரீரங்கம் போனார். அன்று வீதியில் பெருமாள் புறப்பாடு. ஜோசியருக்குச் சேவிக்க ஓடுகிற அவசரம். அரை மணியில் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டார். நட்சத்திரம் ஆயில்யம்.

ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. இருசம்மாள் வீட்டிலிருந்து தரகர் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அந்தம்மா இன்னும் நாலு காலம் இருக்கணும்னு நெனைக்குதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? செய்தி ஊர் முழுக்கப் பரவியது. குழாயடியில் அவளுக்கு 'மாமியாரை முழுங்குறவ' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடுத்து வந்த ஏழு வரனும் நட்சத்திரத்தைக் கேட்டதும் திரும்பிப் போயின. கடைசியில் அப்பா மாமியாரே இல்லாத வீடாகத் தேட ஆரம்பித்தார். பக்கத்துத் தெருவிலேயே ஒருவன் இருந்தான். தங்கையன். வாழை விவசாயம். அவனைப் பெற்றெடுத்த அன்றே அவன் அம்மா போய்விட்டாள். ஜாதகம் கிடையாது, கேட்கவும் ஆளில்லை. ஆயில்யம் கொல்வதற்கு அந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. ஒரு மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

தங்கையன் அதிகம் பேசாதவன். வெள்ளையம்மாள் கடை வைக்கிறேன் என்றபோது சரி என்றான். முதல் கம்ப்யூட்டரை டி.வி.எஸ். கேரியரில் வாழைநார் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து இறக்கியவன் அவன்தான். ஒரு பிள்ளை பிறந்து, படித்து, கோயம்புத்தூரில் வேலைக்கும் போய்விட்டான். குறை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் நட்சத்திரம் அப்படி, தலையில் எழுதியதை அழிக்க முடியுமா என்றுதான் இருந்தாள்.

அந்த எண்ணத்தைக் கெடுத்தது நஜிமுதீன். கம்ப்யூட்டர்களில் புரோகிராம் ஏற்றித் தருகிறவன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஜாதக சாஃப்ட்வேர் போட்டுவிட்டு, "டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். ஒரு பிறந்த தேதி சொல்லுங்கக்கா" என்றான். தன்னுடையதைச் சொன்னாள். பூசம் என்று வந்தது.

"உன் மெஷின் தப்பா காட்டுது தம்பி. நான் ஆயில்யம்."

"மெஷினுக்கு உங்க மேல என்னக்கா கோவம்? நீங்க எதுக்கும் பழைய பஞ்சாங்கம் பாருங்க."

பழைய புத்தகக் கடைக்காரரை மூன்று மாதம் நச்சரித்து, தான் பிறந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை வாங்கினாள். ஒரு மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. காலண்டரில் நாள் நள்ளிரவில் மாறும். பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் மாறும். வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்குச் சூரியன் உதிக்கவில்லை. அதனால் பஞ்சாங்கப்படி அது இன்னும் வியாழக்கிழமைதான். வியாழக்கிழமை வரியில் பூசம், மறுநாள் விடியும்வரை. அதற்குக் கீழே, வெள்ளிக்கிழமை வரியில் ஆயில்யம். புறப்பாட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் சௌரிராஜன் ஒரு வரி கீழே பார்த்துவிட்டார். அந்த ஒரு வரியில் கலெக்டர் ஆபீஸ் நாற்காலி போயிற்று. ஏழு வரன்கள் போயின. அப்பாவின் தலை குனிந்தது, சாகும்வரை நிமிரவில்லை.

மறுநாளே ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். சௌரிராஜன் அப்போது பெரிய ஆள். ஜோசியத்தோடு உபன்யாசமும் செய்வார். ஆசைப்பட்ட ராஜாக்கள், விதியை ஏமாற்றப் போய் விதியின் வாயிலேயே விழுந்த ராஜாக்கள் என்று அவர் சொன்னால் மண்டபமே தலையாட்டும். வெள்ளையம்மாள் நீட்டிய கம்ப்யூட்டர் தாளை அவர் கையால்கூடத் தொடவில்லை.

"மெஷினுக்கு உபாசனை உண்டோ? நான் எழுதினது எழுதினதுதான். ராஜாக்களே விதியிலேர்ந்து தப்பிக்கலே. நீங்க தப்பிக்கப் பார்க்கறேளா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவளைப் பதினெட்டு வருடம் தூங்கவிடாமல் வைத்தது. அவரிடம் நேராகக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்துபோயிற்று. தான் பூசம் என்பதை அந்த வாயே சொல்ல வேண்டும். தனக்கும் சிவசங்கருக்கும் பொருத்தம் உண்டு என்று அந்த வாயே சொல்ல வேண்டும். அதை இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதற்குக் குறைந்து எதிலும் அவள் ஆறப்போவதில்லை. அவர் மஞ்சள் தடவிய தாளும், இருசம்மாள் திருப்பி வாங்க மறந்துபோன சிவசங்கர் ஜாதகமும் அவள் பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, இருசம்மாள் தானாகவே கடைக்குள் வந்தாள்.

எண்பத்திரண்டு வயதில் கைத்தடி ஊன்றி வந்திருந்தாள். மாமியாருக்கு ஆகாத மருமகளைத் தள்ளிவிட்டு, நினைத்தபடியே நாலு காலம் இருந்துவிட்டாள். பேத்தி கனிஷ்காவுக்கு ஜாதகம் எடுக்க வேண்டுமாம். வெள்ளையம்மாள் அவளைப் பார்த்த உடனே கண்டுகொண்டாள். இருசம்மாளோ அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் எடுத்துக் குடும்மா. சனிக்கெழம காலைல ஸ்ரீரங்கத்துல சௌரிராஜன் ஐயாகிட்டப் பொருத்தம் பாக்கணும்" என்றாள். இவள் முகமே அவளுக்கு நினைவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கவிழ்த்துவிட்டு முகத்தைக்கூட மறந்துபோனாளே என்று நினைத்தபடி வெள்ளையம்மாள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

பிறந்த நேரத்தைத் தட்டும்போது ஒரு நினைப்பு வந்தது. ஒரு எண்ணை மாற்றினால் போதும். பேத்தி மேல் ஒரு தோஷம் ஏறிவிடும். அதை எழுதியது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. விரல் விசைக்கு மேலே நின்றது. விரலை நிறுத்தியது தர்மம் அல்ல, கணக்கு. அடி அந்தப் பெண் மேல் விழும், கிழவி மேல் விழாது. இன்னொரு வெள்ளையம்மாளை உண்டாக்கி என்ன கண்டோம்? அவளுக்கு வேண்டியது இந்தக் கிழவிதான். சரியான நேரத்தைத் தட்டி, தாளை எடுத்துக் கொடுத்து, "சனிக்கெழம எத்தன மணிக்குப் பாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"பத்து மணி."

சனிக்கிழமை கடைக்கு லீவு விட்டாள். தங்கையனை டி.வி.எஸ்.ஸை எடுக்கச் சொன்னாள். எங்கே, எதற்கு என்று எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன், "இத்தன வருசம் கழிச்சா?" என்று ஒரு தடவை கேட்டான். பிறகு வண்டியைத் துடைத்தான்.

உத்தர வீதி வீட்டில் தங்கையன் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வண்டியோரமாக நின்றுகொண்டான். கூடத்தில் சௌரிராஜன் நாற்காலியில் இருந்தார். எண்பத்தைந்து வயது, கண் பார்வை மங்கிவிட்டது. ஜாதகங்களை அவருடைய மகள் கோதைநாயகி படித்துச் சொல்வாள். அவள் ரிட்டயர்டு டீச்சர். இருசம்மாளுக்கு வேலை முடிந்திருந்தது. கனிஷ்காவுக்குப் பத்துக்கு ஆறு பொருத்தம். பரவாயில்லை என்ற முகத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அட, ஜெராக்ஸ் கடைக்காரம்மா! நீயும் இங்கதானா?" என்றாள்.

"ஆமாங்க பாட்டி. நாலு பேரு சொல்லித்தான் வந்தேன்."

கடையில் புதிதாக எடுத்த இரண்டு தாள்களைக் கோதைநாயகியிடம் கொடுத்தாள். இரண்டிலும் பெயர் இல்லை, பிறந்த வருடம் இல்லை. கட்டமும் நட்சத்திரமும் மட்டும்.

"வாங்கோம்மா, உக்காருங்கோ. யாருக்குப் பார்க்கணும்?" என்றார் சௌரிராஜன்.

"தெரிஞ்ச பொண்ணுங்க சாமி. பொருத்தம் இருந்தா மட்டும் பேரு சொல்றேன்னு இருக்கேன்."

கோதைநாயகி படித்தாள். பையன் ரோகிணி, ரிஷப ராசி. பெண் பூசம், கடக ராசி. பெண்ணின் கட்டத்தில் சனி ரிஷபத்தில்.

"சனி ரிஷபத்துலயா? அப்போ பொண்ணுக்கு இருபத்துநாலு வயசு இருக்கும்" என்றார் அவர். சனி ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய முப்பது வருடம் ஆகும். அவர் ஒரு சுற்றைக் குறைத்துச் சொன்னார். வெள்ளையம்மாள் திருத்தவில்லை.

கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். அவர் முகம் மலர்ந்தது.

"பேஷ், பத்துக்கு எட்டு! பூசம் தேவகுருவுக்கு உகந்த நட்சத்திரம். இந்தப் பொண்ணு போற ஆத்துல மாமியாருக்குத் தீர்க்காயுசு. அந்த மாமியாரை உள்ளங்கையில வச்சுத் தாங்குவா. விட்டுடாதேங்கோ."

"இன்னொரு தடவ சொல்லுங்க சாமி. காதுல சரியா விழல."

அவர் இன்னும் சத்தமாக, இன்னும் விஸ்தாரமாகச் சொன்னார். இருசம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"குடுத்து வச்ச மாமியா. எனக்கும் வாய்ச்சாளே ஒருத்தி! பத்துக்கு ஒம்போதுன்னு இதே ஐயாதான் பாத்தாரு. ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரியுது. அவ என் மொகம் பாத்துப் பேசி ஒம்பது வருசமாச்சு. இப்படி ஒருத்தி எங்க வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?"

இதை வெள்ளையம்மாள் எதிர்பார்த்து வரவில்லை. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. பையைத் திறந்தாள். மஞ்சள் மூலைகள் கருத்துப்போன பழைய தாளை எடுத்து, புதுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதையும் படிங்கம்மா. சத்தமா படிங்க."

கோதைநாயகி எடுத்துப் பார்த்தாள். "இது அப்பாவோட கையெழுத்தாச்சே. ஜீயபுரம்... சௌபாக்கியவதி வெள்ளையம்மாள்... வெள்ளிக்கிழமை, மூணு நாற்பது, விடியற்காலை... நட்சத்திரம்..." அங்கே நிறுத்திவிட்டுத் தந்தையைப் பார்த்தாள். "ஆயில்யம்னு எழுதியிருக்கேள் அப்பா."

"ரெண்டு தாளும் ஒரே பொண்ணோடதுங்க சாமி. அந்தப் பொண்ணு நான்தான். பையன் உறையூர் சிவசங்கர். இந்தப் பாட்டி பெத்த பிள்ள."

இருசம்மாள் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக வெள்ளையம்மாளை உற்றுப் பார்த்தாள். சௌரிராஜனின் கட்டைவிரல் மறுபடி கணுக்களில் ஏறியது.

"வெள்ளி மூணு நாற்பதுன்னா... உதயத்துக்கு முன்னாடி..." அவர் குரல் இறங்கியது. "அது வியாழக்கிழமையாச்சே. பூசம்தான்."

சொல்லிவிட்டார். முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு அந்த வாய் சொல்லிவிட்டது. ஆனால் பழகிய நாக்கு அல்லவா? அடுத்த மூச்சிலேயே அது வழி தேடியது.

"இதுவும் விதிதாம்மா. நான் தப்பா பார்க்கணும்னு உன் தலையெழுத்து இருந்திருக்கு. நான் வெறும் கருவி."

"அப்படிங்களா? அப்ப இன்னிக்கு நான் வந்து உங்க வாயாலேயே கேக்கணும்னு உங்க தலையெழுத்து இருந்திருக்குங்க சாமி. நானும் கருவிதான். எழுதிக் குடுங்க. நட்சத்திரம் பூசம்னு உங்க கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் அசையவில்லை. கோதைநாயகிதான் எழுந்தாள். பேனா மூடியைத் திறந்து தந்தையின் கையில் வைத்து, தாளை அவர் மடியில் பிடித்துக்கொண்டாள். அவர் எழுதினார். கோணல்மாணலாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

இருசம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேத்தியின் ஜாதகத்தை மேஜையிலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டாள்.

"இதையாச்சும் சரியா பாத்தீங்களா, இல்ல இதுலயும் வேற கெழமையா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெள்ளையம்மாளைக் கடந்து போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெள்ளையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கிழவி எதைச் சொன்னாலும் அவளுக்கு வேண்டாம். சொல்ல முடியாமல் அவள் ஆட்டோ ஏறியதுதான் வேண்டியிருந்தது.

தங்கையன் வண்டியைக் கிளப்பினான். காவிரிப் பாலத்தில் ஏறும்போது அவள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். கிழவர் குரல் இறங்கியதைச் சொன்னாள், கிழவி வாய் அடைத்ததைச் சொன்னாள், பத்துக்கு எட்டு என்பதை நான்கு தடவை சொன்னாள். அவன் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தான். குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் ஓரமாக வண்டியை நிறுத்தினான்.

"வெள்ள, நமக்கு எத்தன?"

"என்னது எத்தன?"

"பொருத்தம். உனக்கும் அவனுக்கும் எட்டு. நமக்கு எத்தனன்னு பாத்தியா?"

பதினெட்டு வருடம் அந்த சாஃப்ட்வேர் அவள் கையில் இருந்தது. ஊரில் உள்ளவன் எல்லோருக்கும் அவள் பொருத்தம் பார்த்திருக்கிறாள். தன் பெயரோடு சிவசங்கர் பெயரை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள். தங்கையன் பெயரை ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

"உங்களுக்குத்தான் நேரம் தெரியாதே" என்றாள்.

"ஆமா. அம்மா போய்க்கிட்டு இருந்தப்ப யாரு மணி பாத்தா? ஆடிப் பதினெட்டுன்னு மட்டும் அப்பா சொல்வாரு." வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். "அந்த ஐயரு சரியா எழுதியிருந்தா நீ உறையூர்ல இருந்திருப்ப. அப்ப அவரு எழுதுன தப்பு நான்தானே?"

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வினாடி தவறிவிட்டது. அவன் வண்டியை எடுத்துவிட்டான். அன்று சாப்பிடும்போதும் சாதாரணமாகத்தான் இருந்தான், இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டான். அதுதான் அவளைக் கொன்றது.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. தங்கையன் என்று தட்டினாள். அவன் பிறந்த வருடம், ஆடிப் பதினெட்டு, ஜீயபுரம். நேரம் என்ற கட்டம் காலியாக நின்றது. அது இல்லாமல் மெஷின் நகராது. காலை ஆறு என்று போட்டுப் பார்த்தாள். பத்துக்கு நான்கு. எட்டு, பத்து, பன்னிரண்டு, எல்லாவற்றுக்கும் நான்குதான். மதியம் இரண்டேகாலுக்கு நட்சத்திரம் மாறியது. அதற்கு மேல் பத்துக்கு ஏழு. அவன் எந்தப் பக்கம் பிறந்தான் என்று சொல்ல உயிரோடு ஒருத்தரும் இல்லை.

தப்பான நேரத்துக்கு ஒரு ஜாதகம் எழுதினார் என்று ஒரு கிழவரைப் பதினெட்டு வருடம் மன்னிக்காதவள் அவள். இப்போதும் மன்னிக்கவில்லை, இருசம்மாளையும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காலிக் கட்டத்தில், மதியம் மூன்று நாற்பது என்று தன் கையாலேயே தட்டினாள். பிரிண்டரில் நல்ல தாளாகப் பார்த்துப் போட்டாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

சாயங்காலம் தங்கையன் வாழைத்தோப்பில் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினான். எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"மூணு நாப்பதா? நேரம் எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அவனுக்கு எட்டு, எனக்கு ஏழுதானா?"

"ஏழுதாங்க. உங்களுக்காக ஒண்ணு கூட்டிப் போட எனக்கு மனசு வரல" என்றாள்.

தங்கையன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து அடுத்த மடைக்குப் போனான்.